குதிரையேறிய காகிதம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்றொரு ஊர். 1930களில் அங்கே இருந்த பெரிய அச்சகம் ஒன்றிலிருந்து 'உமன்ஸ் ஹோம் கம்பானியன்' போன்ற மாத இதழ்கள் லட்சக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தன. அப்படி ஓர் இதழுக்கு ஆயுள் எவ்வளவு? வாங்கியவர் வீட்டில் ஒரு மாதம் கிடக்கும். அடுத்த இதழ் வந்ததும் பழையது அடுப்பங்கரைக்கோ பரணுக்கோ போகும். கதை அத்துடன் முடிந்தது.

சில பிரதிகளுக்கு மட்டும் அப்படி முடியவில்லை. அவை ஒஹாயோ ஆற்றைத் தாண்டி, தெற்கே கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே கோவேறு கழுதையின் முதுகில் ஏறின, ஓடைகளில் நனைந்தன, பத்துப் பதினைந்து வீடுகளில் கைமாறின, கிழிந்தன. கிழிந்த பின் கத்தரிக்கோல் பட்டு வேறு ஒரு புத்தகமாகி, மறுபடியும் கழுதை ஏறின. தனியொரு பிரதியின் கதையாக இதைச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பிரதிகள் போன தடம் இது. பழைய காகிதத்துக்கு அந்த மலைகளில் அப்படி என்ன மவுசு என்பதற்கு விடை, அரசாங்க விதி ஒன்றில் இருக்கிறது.

சம்பளம் உண்டு, புத்தகம் கிடையாது

கிழக்குக் கென்டக்கி அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்தது. மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளங்கள். பள்ளத்துக்கு ஓர் ஓடை. ஓடையோரமாக ஒன்றிரண்டு மரவீடுகள். கட்ஷின் ஓடை, டிரபிள்சம் ஓடை, ஹெல் ஃபார் சர்ட்டன் ஓடை என்று ஓடையின் பெயர்தான் இருப்பிடத்தின் பெயரும். சாலை என்று தனியாக எதுவும் இல்லாத இடங்களில் ஓடைப் படுகையே பாதை. மழை பெய்தால் பாதையே ஆறாகிவிடும். பிழைப்புக்கு நிலக்கரிச் சுரங்கம். 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் அதுவும் படுத்துவிட்டது. கிழக்குக் கென்டக்கியின் சில பகுதிகளில் மூவரில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் பாதிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பொது நூலகம் எட்டவில்லை.

வாசகரைத் தேடிப் புத்தகம் போகலாம் என்ற எண்ணம் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1905இலேயே மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுனில் மேரி டிட்காம் என்ற நூலகர் இரட்டைக் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். வண்டியின் கறுத்த நிறத்தைப் பார்த்துப் பிண வண்டி என்று நினைத்து, "இங்கே நிறுத்தாதே" என்று சத்தம் போட்டாராம் ஒரு விவசாயி. அதன் பிறகு சக்கரத்துக்கும் கதவுக்கும் சிவப்புச் சாயம் பூசினார்கள். 1910இல் ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கியது. 1912இல் மோட்டார் வண்டி வந்தது. ஆனால் வண்டி போக வழி வேண்டும். கென்டக்கி மலைகளில் அது இல்லை. அங்கே குதிரை மட்டுமே போகும். சில இடங்களில் அதுவும் இறங்கி நடத்திக்கொண்டு போனால்தான்.

கென்டக்கியிலும் 1913இல் ஒரு முயற்சி நடந்தது. பெயிண்ட்ஸ்வில்லைச் சேர்ந்த மே ஸ்டாஃபோர்டு என்ற பெண்மணி, நிலக்கரி முதலாளி ஜான் மேயோவின் பண உதவியோடு குதிரைகளில் புத்தகம் அனுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டே மேயோ காலமானார். புரவலர் போனதும் திட்டமும் போனது. இருபது ஆண்டுகள் கழித்து, 1934இல், லெஸ்லி கவுண்டியில் சமூகக்கூடம் நடத்திவந்த பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஒருவர் அரசு நிவாரணத் துறைக்கு ஒரு யோசனை சொன்னார். என்னிடம் நூலகம் இருக்கிறது, சுமந்துபோக ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் புத்தகங்களைத் தருகிறேன் என்பதே அது. நிவாரணப் பணிகளில் பெண்களுக்கான வேலைகளைக் கவனித்துவந்த எலிசபெத் ஃபுல்லர்டன் அதைப் பிடித்துக்கொண்டார். 1935இல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு டபிள்யூபிஏ என்ற வேலைவாய்ப்பு அமைப்பை உருவாக்கியபோது, அதன் கீழ் வந்தது 'பேக் ஹார்ஸ் லைப்ரரி' எனப்பட்ட குதிரை நூலகத் திட்டம்.

இங்கேதான் அந்த விதி வருகிறது. டபிள்யூபிஏ வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக வந்த அமைப்பு. எனவே குதிரை நூலகத்தில் வேலை செய்த பெண்ணுக்கு மாதம் 28 டாலர் சம்பளம் உண்டு. குதிரைக்குப் பணம் கிடையாது. அவரே சொந்தமாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். தீவனமும் அவர் பொறுப்பு. புத்தகம் வாங்க ஒரு காசு கிடையாது. நூலகம் வைக்கும் அறையையும், அதில் வைக்கும் புத்தகத்தையும் உள்ளூர்க்காரர்கள் தேடிக்கொள்ள வேண்டும். நூலகர் இருக்கிறார், வாசகர் இருக்கிறார். நடுவில் புத்தகத்தைக் காணோம்!

ஆளுக்கொரு காசு

ஆகவே புத்தகத்தைக் கேட்டு வாங்கினார்கள். கென்டக்கி பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தில் நூலகப் பணிக்குப் பொறுப்பாக இருந்த லீனா நாஃப்சியர், உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சென்ட் கொடுத்தால் போதும் என்று கேட்டுப் புத்தக நிதி திரட்டினார். பணத்தைவிட அதிகமாக வந்தவை பழைய தாள்கள். நகரத்து வீடுகளின் பரணில் கிடந்த இதழ்கள், பிள்ளைகள் படித்து முடித்த பாடநூல்கள், ஞாயிறு பள்ளிக் கதைகள், அட்டை போன நாவல்கள் எல்லாம் வந்தன. கலிபோர்னியாவில் குடியேறிவிட்ட கென்டக்கிக்காரர் ஒருவர், தன் தாயின் நினைவாக 500 நூல்கள் அனுப்பிவைத்தார்.

நம் இதழும் இப்படித்தான் பரணிலிருந்து இறங்கியது. கட்டுகளும் பெட்டிகளுமாக மலையடிவார ஊர்களில் வந்து குவிந்தவற்றுள் அது ஒன்று. அங்கே தேவாலயத்தின் பின்னறையிலோ அஞ்சலகத்தின் ஓரத்திலோ, யாராவது இடம் கொடுத்த வேறொரு மூலையிலோ நூலக மையம் இருக்கும். மையத்துக்கு ஒரு தலைமை நூலகர். அவருக்குக் கீழே நான்கு முதல் பத்துப் பேர் வரை குதிரைக்காரிகள்.

மையத்தில் இருந்த சாமான்களைப் பார்த்தாலே அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை தெரியும். நூல்களின் பதிவு அட்டைகளை அடுக்க மரப்பெட்டி வாங்கக் காசில்லை. பாலாடைக்கட்டி வந்த காலிப்பெட்டி அதற்குப் போதுமானதாக இருந்தது. புத்தகங்கள் சாயாமல் நிற்க, காலாவதியான கார் நம்பர் பிளேட்டை மடக்கி முட்டுக் கொடுத்தார்கள். படிக்கிறவர்கள் அடையாளத்துக்குப் பக்கத்தின் மூலையை மடிப்பது பெரிய தொல்லையாக இருந்தது. மடித்த மூலை சில கை மாறினால் முறிந்துவிடும். அதைத் தடுக்க, போன வருடத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைச் சேகரித்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்று செருகி அனுப்பினார்கள். வாங்க முடியாத பொருள் ஒன்றைக் காப்பாற்றுகிறவர்களின் கவனம் அது.

சேணப்பை

மையத்திலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். சேணத்தின் இருபுறமும் பை தொங்கும். பை இல்லாதவர்கள் தலையணை உறையில் புத்தகங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டார்கள். கெட்டி அட்டை நூல்கள் கனம். நிறைய ஏற்ற முடியாது. மெல்லிய இதழ்கள் அதே இடத்தில் கத்தையாகக் கொள்ளும். மலைப்பாதையில் இதழ்களுக்கு இருந்த மரியாதைக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவற்றில் படம் இருந்தது.

ஒரு குதிரைக்காரி வாரத்துக்கு 100 முதல் 120 மைல் வரை சுற்றுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இருமுறையாவது போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஓடையில் நீர் பெருகினால் குதிரையின் வயிறு வரை தண்ணீர் வரும். பனிக்காலத்தில் ஓடையைத் தாண்டும்போது நனைந்த காலணி அங்கவடியோடு உறைந்து ஒட்டிக்கொண்டது என்று அவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. ஒருவருடைய கோவேறு கழுதை செத்துப்போனபோது, புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு நடந்தே சுற்றை முடித்தார் அவர். குதிரையை விட மலைக்காரர்கள் கோவேறு கழுதையை நம்பினார்கள். வழுக்குப் பாறையில் அது அளந்து கால் வைக்கும்.

இந்தப் பெண்கள் வெளியூரிலிருந்து சேவை செய்ய வந்தவர்கள் அல்ல. அதே மலையில் பிறந்து, அதே மந்தத்தில் அடிபட்டு, குடும்பத்தில் வேறு யாருக்கும் சம்பளம் இல்லாததால் இந்த வேலைக்கு வந்தவர்கள். அந்த 28 டாலரில் வீடே ஓடியது. இது திட்டத்துக்குப் பெரிய பலமாக அமைந்தது. ஏனென்றால் அந்த மலைகளில் புதுமுகத்தைப் பார்த்தால் கதவு திறக்காது. அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றால் இன்னும் இறுக்கமாக மூடும். பக்கத்து ஓடைக்காரரின் மகள் என்றால் உள்ளே வரச் சொல்வார்கள். குதிரையில் பெண் வருவதும் அவர்களுக்குப் பழகிய காட்சிதான். மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1925இல் லெஸ்லி கவுண்டியில் தொடங்கிய செவிலியர் சேவையின் மருத்துவச்சிகள் குதிரையேறித்தான் பிரசவம் பார்க்கப் போனார்கள். ஆனாலும் புத்தகம் என்றால் சிலருக்குச் சந்தேகம். அப்படிப்பட்ட வீட்டில் குதிரைக்காரி திண்ணையில் உட்கார்ந்து பைபிளிலிருந்து சில வரிகள் வாசித்துக் காட்டுவார். பைபிள் வாசிக்கிற கை கொண்டுவரும் மற்றப் புத்தகமும் கெடுதலாக இருக்காது என்ற நம்பிக்கை மெல்ல வந்தது.

விளக்கடியில்

பெரும்பாலான வீடுகளில் இதழை முதலில் கையில் வாங்கியது குழந்தைதான். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து, எனக்கொரு புத்தகம் என்று சூழ்ந்துகொள்வது வாடிக்கை. எந்தப் புத்தகம் என்று கேட்பதில்லை; எதுவானாலும் சரி. அவர்களுக்கு அந்தப் பெண் 'புக் உமன்'. ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும் மலைப்பள்ளிகளும் குதிரை வரும் வழியில் இருந்தன. 1937க்குள் 155 பள்ளிகளுக்கு இந்த நூலகங்கள் புத்தகம் கொடுத்தன. பாடநூலைத் தவிர வேறு அச்சுத்தாள் இல்லாத பள்ளிகள் அவை. சில இடங்களில் பாடநூலே அரிது.

பிள்ளைகள் கேட்டது படப்புத்தகம், 'ராபின்சன் குருசோ', மார்க் ட்வைன் கதைகள். ஆண்கள் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' கேட்டார்கள். எந்திரம், கருவி, செய்முறை என்று அதில் கைவேலைக்கு உதவும் சங்கதி இருக்கும். பெண்கள் சமையல், தையல், குழந்தை வளர்ப்பு உள்ள இதழ்களைக் கேட்டார்கள். ஆனால் கேட்ட தாய்க்குப் பல வீடுகளில் எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் போகும் மகனோ மகளோ விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்க, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

ஸ்பிரிங்ஃபீல்டில் அச்சடித்தவர்கள், படித்த நகரத்துப் பெண் சாய்வு நாற்காலியில் தனியாகப் புரட்டுவாள் என்று எண்ணி அந்த இதழைத் தயாரித்திருப்பார்கள். இங்கே பத்து வயதுப் பிள்ளை அதைச் சத்தம் போட்டு வாசிக்கிறது. கேட்பவர்களில் பாட்டியும் இருக்கிறாள். அடுப்பு வேலை தெரியாத பிள்ளை சமையல் குறிப்பை வாசிக்கிறது. எழுத்து தெரியாத தாய் அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கிறாள். சோளமாவுக்கு இவ்வளவு தண்ணீர் ஆகாதே என்று அவள் சொன்னால், அந்தத் திருத்தத்தைக் கேட்டுக்கொள்ள அச்சகத்தில் யாரும் இல்லை. கேட்டுக்கொள்ளும் ஒரு புத்தகம் பின்னால் வந்தது.

ஒட்டு நோட்டு

சில மாதங்களில் இதழின் உடம்பு தளர்ந்துவிடும். மழை ஈரம், குதிரையின் வியர்வை, அடுப்புப் புகை, குழந்தையின் கை எல்லாம் பட்டுப் பட்டு, முதலில் அட்டை கழலும். பிறகு கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் உதிரும். குதிரைக்காரிகள் மையத்தில் கூடும் நாட்களில் பழுது பார்ப்பது முக்கியமான வேலை. ஒட்டிச் சரிசெய்ய முடிந்தவரை ஒட்டினார்கள். அதற்கும் மேல் போன தாளைத் தூக்கி எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. எறிந்தால் வேறு வராது. எனவே வெட்டினார்கள். உருப்படியாக இருந்த சமையல் குறிப்பு ஒரு பக்கம், தையல் மாதிரி ஒரு பக்கம், கைமருந்து, செய்தித் துணுக்கு, கவிதை, பிள்ளைகளுக்கான படம் என்று பிரித்து, வெற்றுத்தாளில் ஒட்டி, தைத்துப் புதிய நோட்டாக்கினார்கள். ஆங்கிலத்தில் ஸ்கிராப் புக் என்பார்கள். விகடனிலும் கல்கியிலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து பெட்டியில் வைத்துக்கொண்ட நம் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசம் இருந்தது. நம் வீட்டு பைண்டு புத்தகத்தில் எழுத்தாளர் எழுதியது மட்டும் இருக்கும். இந்த ஒட்டு நோட்டில் வாசகர்களும் எழுதினார்கள். அச்சுக் குறிப்பைப் படித்த மலைப்பெண், எங்கள் வீட்டில் இதை இப்படிச் செய்வோம் என்று தன் பக்குவத்தைச் சொல்லி அனுப்பினாள். எழுதத் தெரியாதவள் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொண்டார். அதைவிட அதிகமாக வந்தவை ஒட்டுத்துணிப் போர்வையின் மாதிரிகள். பழைய சட்டை, பாவாடை, மூட்டைத் துணி இவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்துப் போர்வை தைப்பது அந்த மலைகளின் பெரிய கலை. தாயிடமிருந்து மகளுக்குப் போகும் வடிவங்களைக் காகிதத்தில் வரைந்தும் வெட்டியும் குதிரைக்காரியிடம் கொடுத்தார்கள். அவையும் நோட்டில் ஏறின. அந்த நோட்டு அடுத்த ஓடைக்குப் போனது. அங்கிருந்து வேறொரு மாதிரி வந்து சேர்ந்தது. நோட்டுகள் மையம் விட்டு மையம் மாறி, கவுண்டி விட்டுக் கவுண்டி போயின.

குழந்தைகளுக்கென்றும் நோட்டுகள் செய்தார்கள். இதழ்களில் வந்த விலங்குப் படம், ரயில், கப்பல், தூரதேசத்துக் காட்சி இவற்றை வெட்டி ஒட்டிய படநோட்டுகள் அவை. கடையில் விற்கும் படப்புத்தகத்துக்கு வழியில்லாத இடத்தில் கத்தரிக்கோலும் பசையும் அந்த வேலையைச் செய்தன.

இப்படிப் பார்த்தால் நம் இதழ் இப்போது ஒரே இடத்தில் இல்லை. அதன் சமையல் பக்கம் ஒரு நோட்டிலும், யானைப் படம் இன்னொரு நோட்டிலும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்ற பகுதி வேறொன்றிலுமாகப் பிரிந்து போய்விட்டது. அதன் பக்கத்திலேயே, அச்சகத்தையே பார்த்திராத ஒருத்தியின் பக்குவம் ஒட்டப்பட்டிருக்கிறது. நகரம் கழித்துப்போட்டதை வாங்கிப் படித்த மலை, தன் பங்கையும் அதில் சேர்த்தது. தானம் வாங்குகிறவர்கள் என்று பேரெடுத்தவர்கள் நூலகத்துக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தப் பயணத்தில் நடந்த பெரிய காரியம். இதை யாரும் திட்டமிடவில்லை. புத்தகம் வாங்கப் பணமில்லாத நூலகம், இருக்கிற தாளைக் கடைசித் துணுக்கு வரை பயன்படுத்தியதால் தானாக விளைந்தது.

நின்ற குதிரை, வந்த பணம்

எட்டு ஆண்டுக் காலத்தில் சுமார் 30 மையங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புத்தகம் சேர்ந்தது என்பது கணக்கு. 1937இல் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வெஸ்ட் லிபர்ட்டி ஊருக்கு வந்தபோது குதிரை நூலகத்தையும் பார்த்தார். டபிள்யூபிஏ எடுத்த படங்களில் குதிரைக்காரிகள் பலர் இருக்கிறார்கள். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் குட்மன்–பேக்ஸ்டன் தொகுப்பில் அவற்றை இன்றும் காணலாம். மரவீட்டின் வாசலில் குதிரை நிற்க, மேலிருந்து நீளும் புத்தகத்தை வாங்கக் குழந்தைகள் அண்ணாந்து நிற்கும் படங்கள்.

பிறகு போர் வந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளும் ராணுவமும் ஆட்களை இழுத்துக்கொள்ள, வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்தது. கூலி கொடுக்க வந்த அமைப்புக்கு வேலை இல்லாமல் போய், 1943இல் டபிள்யூபிஏ மூடப்பட்டது. சம்பளம் நின்றதும் குதிரையும் நின்றது. புரவலர் இறந்ததும் நின்ற 1913ஆம் வருடத்து முயற்சியைப் போலவே இதுவும் ஒரே தூணில் நின்றிருந்தது. புத்தகம் கேட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்குப் பல ஓடைகளில் அடுத்த பத்தாண்டு யாரும் வரவில்லை.

1950களில் மலைக்குள் சாலை நுழைந்தது. 1954இல் நன்கொடையாளர்களின் உதவியால் நூலக மோட்டார் வண்டிகள் பெருமளவில் மாநிலத்துக்குக் கிடைத்தன. நடமாடும் நூலகங்கள் அதிகம் ஓடும் அமெரிக்க மாநிலங்களில் கென்டக்கி முன்வரிசைக்கு வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் 1956இல் நடந்தது. கிராமப்புற நூலகங்களுக்கு மத்திய அரசு நேரடியாக நிதி தரும் நூலகச் சேவைச் சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது. அதை நாடாளுமன்றத்தில் முன்னின்று ஆதரித்தவர்களில் ஒருவர் கென்டக்கி உறுப்பினர் கார்ல் பெர்க்கின்ஸ். அரசியலுக்கு வருமுன் அவர் நாட் கவுண்டியில் பள்ளி ஆசிரியர். டிரபிள்சம் ஓடை பாயும் கவுண்டி அது. குதிரை நூலகம் சுற்றிய பகுதியும்கூட. சேணப்பையிலிருந்து வந்த புத்தகத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே நேர்க்கோடு போட ஆவணம் இல்லை. ஆனால் மலைப்பள்ளிக்குப் புத்தகம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

1935இல் சம்பளம் மட்டும் தந்த அரசு, 1956இல் நூலகத்துக்கே பணம் தந்தது. புது வண்டியில் புதுப் புத்தகங்கள் அடுக்கி வந்தன. நல்லதுதான், கிழிந்த தாளை வைத்துக் காலம் தள்ள எந்தக் குழந்தைக்கும் தலையெழுத்து இல்லை. குதிரை நூலகத்தைப் பற்றி இப்போது வரும் நாவல்களும் படக்கதைகளும் பனியையும் ஓடையையும் குதிரையையும்தான் பெரிதாகப் பேசுகின்றன. அவற்றில் வீரம் இருக்கிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் குதிரைக்கு மாற்றாக மோட்டார் வந்துவிட்டது. நன்கொடைக்கு மாற்றாகச் சட்டம் வந்துவிட்டது. ஒட்டு நோட்டுக்கு மாற்று எதுவும் வரவில்லை. புது வண்டியின் நூலகர் வாசலில் வந்து, என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டார். நீங்கள் என்ன தருகிறீர்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. தொலைதூரக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுபோகிற எந்த வண்டியும், திரும்பும்போது காலியாக வர வேண்டியதில்லை என்பதை அந்தப் பழைய காகிதம்தான் காட்டியது. இன்று வண்டி ஓட்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.